ட்வென்டி 20-யும் ஒரு டிரையல் பேலன்ஸும்

வெள்ளிக்கிழமை லீவு. மஸ்கட் வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாது. பையன் பத்தாவது தடவையாக 'அவெஞ்சர்ஸ்' பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் திரும்பி ஒரு கேள்வி கேட்டான்: "அப்பா, ஹல்க்தானே ரொம்ப பலசாலி? அவனுக்கு ஏன் சீன் கம்மி?"

பேங்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கணக்குதானே என்று உட்கார்ந்தேன்.

2012இல் வந்த அந்தப் படத்தில் ஆறு நாயகர்கள், ஓடும் நேரம் 143 நிமிடம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 24 நிமிடம்கூட வராது. ஜாஸ் வீடன் அப்படிப் பிரிக்கவில்லை. அம்பு விடுகிற ஹாக்கை பாதிப் படத்துக்கு மேல் வில்லன் பிடியில் மயங்கிக் கிடக்கிறான். ஹல்க் குறைவாகத்தான் வருகிறான், ஆனால் லோகியைத் துணி துவைப்பதுபோல் தரையில் அடிக்கிற அந்த ஒரே சீனில் தியேட்டரையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். இன்னொரு சூட்சுமமும் உண்டு. 2008 'அயர்ன் மேன்' முதல் 2011 'கேப்டன் அமெரிக்கா' வரை ஐந்து படங்களிலேயே முக்கியமான ஆட்களை அறிமுகம் செய்து முடித்துவிட்டார்கள். ஆறாவது படம் தொடங்கும்போது பெரும்பாலானவர் கையிலும் ஓப்பனிங் பேலன்ஸ் இருந்தது.

இதைப் பையனிடம் சொல்லும்போது எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் காரோடு. பாறசாலைக்குப் பக்கம், நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை ராஜ்ஜியத்துக்குப் போயின. நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். களியக்காவிளை தாண்டினால் தமிழ்ப் படம், இந்தப் பக்கம் வந்தால் மலையாளப் படம். ஆகவே எங்களுக்கு ரசிகர் சண்டையும் இரட்டை. அப்பா தலைமுறைக்கு எம்.ஜி.ஆர்.-சிவாஜி, எங்களுக்கு மம்மூட்டி-மோகன்லால்.

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்தது ஒரே ஒரு படம், 1954இல் டி.ஆர். ராமண்ணா இயக்கிய 'கூண்டுக்கிளி'. நண்பனின் மனைவி மேல் ஆசைப்படுகிறவராக சிவாஜி, நண்பனாக எம்.ஜி.ஆர். படம் ஓடவில்லை. ஒருவர் நல்லவர் என்றால் மற்றவர் கெட்டவர் என்று எழுதியபோதே ஒரு பக்கத்து ரசிகனுக்கு நஷ்டக் கணக்கு தொடங்கிவிட்டது என்பது என் கட்சி. மூன்றே வருடத்தில், 1957இல், 'மாயா பஜார்' வேறு வழி காட்டியது. அது மகாபாரதக் கதை, ஆனால் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் வரமாட்டார்கள்! ஐந்து பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு கடோத்கஜன் ரங்காராவுக்கு வீட்டையே எழுதிக்கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய தைரியம்.

மலையாளத்தில் நிலைமை வேறு. மம்மூட்டியும் மோகன்லாலும் 80களில் சேர்ந்தே ஏராளமான படங்கள் நடித்தவர்கள். சிக்கல் வந்தது இருவரும் மலையாய் வளர்ந்த பிறகுதான். 1998 ஓணத்துக்கு ஃபாசில் எடுத்த 'ஹரிகிருஷ்ணன்ஸ்' வந்தது. ஹரி மம்மூட்டி, கிருஷ்ணன் மோகன்லால், இரண்டு பேரும் வக்கீல்கள், இரண்டு பேருக்கும் ஜூஹி சாவ்லா மேல் காதல். பெண் யாருக்கு? இதற்கு இரண்டு கிளைமாக்ஸ் எடுத்து, ஒரு பிரிண்டில் ஒருவருக்கும் இன்னொரு பிரிண்டில் மற்றவருக்கும் கொடுத்தார்கள். நான் அப்போது பி.காம். முதல் வருடம். நான் பார்த்த தியேட்டரில் ஒரு முடிவு, சித்தப்பா மகன் பார்த்த தியேட்டரில் வேறு. ஒரு வாரம் இரண்டு பேரும் ஒருவனை ஒருவன் புளுகன் என்று திட்டிக்கொண்டு திரிந்தோம். யார் எதைப் பார்த்தோம் என்று எழுத மாட்டேன். அவன் இதைப் படிப்பான், மறுபடி தொடங்கும். வங்கியில் இப்படி இரண்டு செட் கணக்குப் புத்தகம் வைத்தால் என்ன பேர் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் வந்தது பெரிய கணக்கு. 2008 நவம்பர் 5, 'ட்வென்டி 20'. 1994இல் தொடங்கிய நடிகர் சங்கமான 'அம்மா'வின் நலநிதிக்காக எடுத்த படம். திலீப் தயாரிப்பு, ஜோஷி இயக்கம், உதயகிருஷ்ணா-சிபி கே. தாமஸ் எழுத்து. சங்கத்து நடிகர்கள் சம்பளம் வாங்காமல் நடித்தார்கள். சும்மா நடிக்கிறவரிடம் "உங்களுக்கு சீன் குறைவு" என்று எந்த முகத்தோடு சொல்வது?

எழுதியவர்கள் செய்ததைப் பாருங்கள். மோகன்லால் குற்றவாளிக் கூண்டில். அவரைப் பிடிக்கிற போலீஸ் சுரேஷ் கோபி. ஜாமீன் வாங்கித் தருகிற வக்கீல் மம்மூட்டி (நிஜத்திலும் சட்டம் படித்தவர்). டாக்டர் ஜெயராம், செல்லத் தம்பி திலீப். ஒருவர் நிற்கிற இடத்தில் இன்னொருவருக்கு வேலையே இல்லை. மம்மூட்டியும் மோகன்லாலும் பாதிப் படம் நேருக்கு நேர் மோதுகிறார்கள். நண்பர்களாக விட்டிருந்தால் ஒருவர் பேச இன்னொருவர் தலையாட்ட வேண்டும். சவால் விட்டால் ஒரே சீன் இரண்டு கணக்கிலும் வரவு. ஜெயராமையும் திலீப்பையும் பெரும்பாலும் ஃப்ளாஷ்பேக்கில் வைத்தார்கள், அங்கே பெரிய மலைகளின் நிழல் விழாது.

அறிமுகத்துக்கு நேரமே செலவாகவில்லை. 1994 'கமிஷனர்' பார்த்தவனுக்கு சுரேஷ் கோபியின் காக்கியை விளக்க வேண்டுமா? 1993 'தேவாசுரம்' பார்த்தவனுக்கு மோகன்லாலின் மீசையை? மார்வெல் ஐந்து படத்தில் சேர்த்ததை இவர்கள் இருபது வருடத்தில் சேர்த்திருந்தார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கணக்கு உதைக்கிறது. அத்தனை நடிகைகள் இருந்தும் பெண்களுக்கு ஒதுக்கியது சில்லறை, நயன்தாராவுக்கு ஒரு பாட்டு. அந்தச் சங்கத்தின் செயற்குழுவே ஹேமா கமிட்டி அறிக்கைக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் கூண்டோடு ராஜினாமா செய்தது. 2025 ஆகஸ்டில்தான் ஸ்வேதா மேனன் முதல் பெண் தலைவரானார்.

இத்தனையும் சொல்லி, அன்று சாயங்காலமே பையனுக்கு 'ட்வென்டி 20' போட்டேன். சுரேஷ் கோபி ஜீப்பிலிருந்து இறங்குகிறார். எனக்கு விசில் தொண்டை வரை வந்துவிட்டது. அவன் கேட்டான்: "இந்த போலீஸ் அங்கிள் யாருப்பா?"

அவன் பிறந்தது இங்கே. அவன் லெட்ஜரில் இவர்கள் யாருக்கும் பக்கமே இல்லை. போன வருடம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது, இதே சோபாவில் தோரைப் பார்த்து "இது யாருலே, கையில சுத்தியலோட?" என்று கேட்டு அவன் சிரித்தது நினைவு வந்தது.

படத்தை நிறுத்திவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வரிசையாகப் போடுகிறேன். 1988 'ஒரு சி.பி.ஐ. டயரி குறிப்பு' முடிந்தது, மம்மூட்டியின் சேதுராம ஐயரைப் பிடித்துப்போனது. போன வாரம் 'கமிஷனர்'. இருபதாவது நிமிடத்தில் தூங்கிவிட்டான்.