தபால் தலை மாற்றமும் தோட்டத்துக் கடிதங்களும்

ஒரு நாட்டில் ஆட்சி மாறினால், அம்மாற்றத்தைப் பாமர மக்களின் கைக்கு முதன்முதலிற் கொண்டுவந்து சேர்ப்பவை இரண்டு. ஒன்று நாணயம், மற்றொன்று தபால் தலை. நாணயத்தைப் பற்றி வரலாற்று அறிஞர் பலர் எழுதியுள்ளனர். தபால் தலையைப் பற்றி எழுதுவோரோ பெரும்பாலும் அதனைச் சேகரிப்போரேயாவர். ஆகவே, சேகரிப்போர் கண்ணுக்குப் பட்டதே அதன் வரலாறாக நிலைத்துவிட்டது. அத்தலையை ஒட்டித் தாய்நாட்டுக்குக் கடிதம் விடுத்த தோட்டத் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தோர் மிகச் சிலர். ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பெங் சாலையில் உள்ள சிம்பாங் பூலாய் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்திருந்த இடம். இங்கிருந்து கொண்டு, பேரா நாட்டுத் தபால் தலை மாறிய வரலாற்றை அவ்விருவர் பக்கமும் வைத்து எடைபோட முற்படுகின்றோம்.

தபால் தலை பிறந்ததே ஏழைகளின் பொருட்டு எழுந்த ஒரு சீர்திருத்தத்தால் எனலாம். அதற்கு முன் இங்கிலாந்தில் கடிதம் பெறுவோரே, தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் செலுத்தி வந்தனர். அனுப்புவோரே முன்கூட்டிச் செலுத்துதல் வேண்டும். கட்டணம் நாடு முழுதும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என ரோலண்டு ஹில் வாதாடினார். அதன் பயனாக 1840 மே 6-ஆம் நாள் ஒரு பென்னித் தலை செலாவணிக்கு வந்தது. 1854-இல் இந்தியா முழுமைக்குமான தலைகள் தோன்றின. அந்நாளில் பினாங்கும் சிங்கப்பூரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய ஆட்சிக்குட்பட்டிருந்தமையால், இந்தியத் தலைகளே இங்கும் செல்லுபடியாயின. 1867 ஏப்ரலில் அவ்வூர்கள் லண்டனின் நேர் ஆட்சிக்கு மாற்றப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த புதுத் தலை எது? பழைய இந்தியத் தலையின் மேல் ஒரு கிரீடத்தையும் காசுக் கணக்கையும் அச்சிட்டு வைத்ததேயாம்! தமிழனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து புதிய எசமானனிடம் வேலைக்கு வைத்தது போலவே, அவன் நாட்டுத் தலையையும் கொண்டுவந்து வேலை வாங்கினர்.

இனிப் பேராவுக்கு வருவோம். 1874-இல் பங்கோர் உடன்படிக்கை. 1875-இல் ஆங்கில ரெசிடெண்டு பர்ச்சு என்பார் கொலையுண்டார். அப்பூசல் அடங்கிய சூட்டிலேயே, 1878-இல் பேராவுக்கென முதல் தலை வந்துவிட்டது. அதுவும் மேலச்சுத் தலையே. குடியேற்ற ஆட்சியின் 2 காசுத் தலையில் பிறையும் நட்சத்திரமும் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தும் பொறிக்கப்பட்டன. 1892-இல் பாயும் புலியைத் தாங்கிப் பேராவின் சொந்தத் தலை பிறந்தது. நான்கு மாநிலங்கள் ஒன்றுகூட்டப்பட்ட பின்னர், 1900 முதல் கூட்டு மலாய் மாநிலங்களின் பெயரால் புலித்தலை வெளிவந்தது. 1935-இல் தனித்தனி மாநிலத் தலைகள் மீண்டும் எழுந்தபோது, பேராவின் தலையில் சுல்தான் இஸ்கந்தரின் உருவம் இடம்பெற்றது.

சேகரிப்போருக்கு இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் திருவிழா. பழையது அரிதாகும், அரிதானது விலையேறும். மேலச்சு தலைகீழாக விழுந்தாலும், ஓர் எழுத்து விடுபட்டாலும் அவர்க்கு அது பொக்கிஷம். அரசாங்க அச்சகத்தின் பிழை வேறெவர்க்கும் இத்துணை இன்பம் அளித்ததில்லை. இதனை நாம் இழிவாகக் கூறவில்லை. அவர்களுடைய பொறுமையும் நுணுக்கமும் இல்லையேல், மேலே நாம் கூறிய ஆண்டுகளிற் பலவற்றை இன்று உறுதியாகக் கூற இயலாது.

நிற்க. எழுத்தறியாத ஒருவனுக்குத் தபால் தலை எவ்வாறு விளங்கும்? அவனுக்கு உருவமும் நிறமுமே எழுத்து. இதனை உலகமும் ஒருவாறு உணர்ந்திருந்தது. 1897-இல் வாஷிங்டனிற் கூடிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் மாநாட்டில், அச்சுத் தாள்களுக்குப் பச்சை, அஞ்சலட்டைக்குச் சிவப்பு, அயல்நாட்டுக் கடிதத்துக்கு நீலம் என நிறம் வகுத்தனர். ஆனால் நடப்பில் நேர்ந்தது வேறு. கூட்டு மலாய் மாநிலத் தலையில் புலி அதே புலியாய் நிற்க, அதன் நிறமோ முப்பத்தைந்து ஆண்டுகளிற் பன்முறை மாறிற்று. கட்டணம் மாறினாற் போதும். நேற்று ஒரு விலைக்குரியதாயிருந்த நிறம் இன்று மற்றொரு விலைக்குப் போய்விடும்.

தலை குறைந்தால் வருவது யாது? கடிதம் ‘பேரிங்’ ஆகும். உறையில் ‘டி’ என்னும் எழுத்தைப் பொறித்து, குறைந்த தொகைக்கு இரட்டிப்பாகப் பெறுபவரிடம் வசூலிப்பது அக்கால உலக வழக்கு. இங்கே அறியாமையால் ஒருவன் செய்த சிறு தவறுக்குத் தண்டம் செலுத்துபவர் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஏதோ ஒரு குக்கிராமத்தில் மகன் கடிதத்தை எதிர்நோக்கியிருக்கும் தாய். காசில்லையேல் கடிதம் திரும்பும். ரோலண்டு ஹில் ஒழிக்க முயன்ற பழைய கொடுமை, எழுத்தறியாதார் மட்டில் ஒழியாமலே நின்றது. ஆகவே தொழிலாளி கங்காணியையோ கிராணியையோ கடைக்காரரையோ நம்பித் தலை ஒட்டினான். அவர் சொன்னதே சட்டம். கிராணி மேசையிற் பேனா பிடிக்கும் நாம் இதனைக் கூசாது ஒப்புக்கொள்ளல் வேண்டும்: கடிதம் எழுதித் தருவது உதவியாகவும் இருந்தது, ஒருவன் வீட்டு இரகசியமெல்லாம் மற்றொருவன் கைக்குள் அடங்கும் அதிகாரமாகவும் இருந்தது.

தலை மாற்றத்தின் கொடிய முகத்தை 1941 டிசம்பருக்குப் பின் மலாயா கண்டது. அம்மாத இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. அச்சிட்டு வைத்திருந்த பழைய தலைகளை அவர்கள் வீணாக்கவில்லை. இராணுவ ஆட்சியின் முத்திரையையும், பின்னர் ‘டாய் நிப்பொன் 2602 மலாயா’ என்னும் சொற்களையும் அவற்றின் மேல் அச்சிட்டனர். 2602 என்பது ஜப்பானியப் பேரரசுக் கணக்கில் 1942. சுல்தான் இஸ்கந்தர் 1938-லேயே காலமாகிவிட்டார். அவருக்குப் பின் பட்டமெய்திய சுல்தான் அப்துல் அஜீஸின் முகம் தலையில் ஏறவேயில்லை. எனவே மறைந்த மன்னர் முகத்தின் மேல் வந்த படையின் பெயர் விழுந்தது. சேகரிப்போர் இன்று பெருவிலை கொடுத்து வாங்குவதும், போலி செய்வோர் போட்டியிட்டு உண்டாக்குவதும் இத்தலைகளையே.

1943-இல் ஜப்பானியர் புதுப் படத்தலைகள் வெளியிட்டனர். அவற்றில் ஒன்றில் ரப்பர் மரத்திற் பால் வெட்டும் காட்சி இருந்தது. எத்துணைப் பொருத்தம் பாருங்கள்! பால் வெட்டுவோன் தலையில் இடம்பெற்ற அந்த ஆண்டிலேதான், பால் வெட்டிய தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு வாரிச் செல்லப்பட்டனர். தமிழகத்தோடு தபால் போக்குவரத்தோ அற்றுப்போயிருந்தது. ஜப்பானியருக்கு இந்தியா பகைநாடு. தன் தொழிலைப் படமாகத் தாங்கிய தலையைக் கொண்டு தொழிலாளி தன் வீட்டுக்கு ஒரு வரி விடுக்க வழியில்லை. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், இருகரையிலும் உள்ளோர் ஒருவர் உயிரோடிருப்பதை மற்றவர் அறியாதிருந்தனர். சேகரிப்புப் புத்தகத்தில் அவ்வாண்டுகள் மிகச் செழிப்பான பக்கங்கள். தோட்டக் கடிதங்களின் வரலாற்றிலோ அவை வெற்றுப் பக்கங்கள்.

1945-இல் பிரிட்டிஷார் மீண்டனர். குடியேற்ற ஆட்சித் தலைகளின் மேல் ‘பி.எம்.ஏ. மலாயா’ என்னும் மேலச்சு வந்தது. பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் என்பதன் சுருக்கம் அது. 1946 ஏப்ரலில் மலாயன் யூனியன் அமைந்து, பெருங்கிளர்ச்சிக்கிடையே 1948-இல் மறைந்தது. அவ்வரசுக்கெனத் தனித் தலை வரவில்லை. இராணுவ நிர்வாகத்தின் தலைகளே ஓடின. 1950-இல் சுல்தான் யூசுப் இஸ்ஸுத்தீன் ஷாவின் உருவோடு பேராத் தலைகள் வந்தன. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. 1960-இல் கோலாலம்பூரில் நடந்த இயற்கை ரப்பர் ஆராய்ச்சி மாநாட்டின் நினைவுத் தலையில் ரப்பர்க் கன்றும், 1986-இல் வந்த விளைபொருள் வரிசையில் ரப்பரும் செம்பனையும் இடம்பெற்றன. மரத்துக்கு மரியாதை கிடைத்தது, நன்றே.

இத்தனை தலைகளும் நூலகங்களிலும் செல்வர் வீடுகளிலும் பத்திரமாக இருக்கின்றன. அவை ஒட்டப்பட்டிருந்த கடிதங்கள் எங்கே? இதுவே நாம் கேட்க விரும்பும் கேள்வி. தலையைக் கிழித்து, நீரில் ஊறவைத்து உரித்துப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு, உறையையும் கடிதத்தையும் அடுப்பில் இட்டனர். அரசர் முகம் பிழைத்தது. ஆளின் சொல் எரிந்தது. இது சேகரிப்புக் கலைக்கே மாறானது என்பதை இன்றைய சேகரிப்பாளரும் ஒப்புவர். முத்திரை குத்திய உறை முழுமையாயிருந்தால், உரித்த தலையினும் மதிப்பு மிகுதி. எந்த ஊரில், எந்த நாளில், என்ன கட்டணத்தில் அது புறப்பட்டது என்பதை உறையே கூறும்.

நமக்கோ உறை அதற்கு மேலும் கூறும். மேல்விலாசத்தில் ஊர்ப்பெயரோடு சாதித் தெருவும் எழுதப்பட்டிருந்ததா? நேரே பெயருக்கு விடுத்தனரா, அன்றி மிராசுதாரின் பார்வைக்கு விடுத்தனரா? கடல் கடந்த பின் அனுப்புவோன் பெயரின் வால் உதிர்ந்ததா, நீண்டதா? கடிதத்தைப் பெண் ஒருத்தி தன் பெயரில் விடுத்தாளா? மலாயாத் தமிழரின் சமூக மாற்றத்தைப் பற்றி மேடையிற் பேசுவோர் பலர். அதற்குச் சான்று காட்டவல்லது அழுக்கேறிய ஓர் உறை.

தலை மாற்றம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. நம் நாட்டில் 30 காசாயிருந்த சாதாரணக் கடிதக் கட்டணம் 2010 ஜூலையில் 60 காசாயிற்று. பிரிட்டனில் கோட்டுக் குறியீடு இல்லாத அன்றாடத் தலைகள் 2023 ஜனவரி 31-க்குப் பின் செல்லாவென அறிவித்து, படிவம் நிரப்பி அனுப்புவோருக்கு மாற்றுத் தலை கொடுத்தனர். படிவம் நிரப்பத் தெரிந்தவனுக்கே அச்சலுகை என்பதைக் கவனிக்க! டென்மார்க்கில் போஸ்ட்நோர்ட் நிறுவனம் 2025 இறுதியோடு கடிதப் பட்டுவாடாவையே கைவிட்டது. தோட்டங்களில் இன்று வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் செம்பனைக் குலை வெட்டுகின்றனர். அவர்கள் வீட்டுக்குப் பேசுவது கைப்பேசியில். அவர்கட்கு எழுதித் தருவோர் தேவையில்லை. அது வரவேற்கத்தக்க விடுதலையே. ஆயினும் இனிப் புதிய தோட்டக் கடிதம் பிறக்கப்போவதில்லை. பழையவற்றில் எஞ்சியதே எஞ்சியது.

ஆதலின், வீட்டில் பழைய தகரப் பெட்டி வைத்திருக்கும் தோழர்கட்கும் சகோதரிகட்கும் நாம் வேண்டுவது இவ்வளவே. உறையினின்று தலையை உரிக்காதீர். கடிதத்தை உறையினின்று பிரிக்காதீர். யார் யாருக்கு எழுதியது, எந்தத் தோட்டம் என்பதை முதியோர் இருக்கும்போதே கேட்டு, தனித்தாளிற் குறித்து உடன் வையுங்கள். வெளியிடத் தகாத குடும்பச் செய்தியாயின் மூடியே வையுங்கள். எரிக்க மட்டும் வேண்டா. கொடுக்க விரும்பினால் தேசிய ஆவணக் காப்பகமும், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும் இருக்கின்றன. மன்னர்களின் தலையைக் காக்க உலகெங்கும் சங்கங்கள் உண்டு. பால்மரக் காட்டில் உழைத்தோர் தம் வாயாற் சொல்லி எழுதுவித்த நாலு வரியைக் காக்க, அவர் பேரப்பிள்ளைகளன்றி வேறு யார் வருவர்?