வருத்தம் இல்லாத பிள்ளைக்கு ஏன் கிளினிக்?

வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்த இருபது வருடங்களிலும் தாய்மார் என்னிடம் அதிகம் கேட்டது ஒரே கேள்விதான். "பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை மிஸ், பிறகேன் கிளினிக்?" கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் சம்பளம் இல்லை. ஆகவே அது நியாயமான கேள்வி. அதற்குரிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வருத்தம் வந்த பிறகு போகும் இடம் ஆஸ்பத்திரி. கிளினிக் வருத்தம் வராத பிள்ளைக்கென்றே ஏற்படுத்தப்பட்டது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்தே இலங்கையின் பொதுச் சுகாதார சேவை இந்த எண்ணத்தில்தான் நடக்கிறது. இன்று ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், அதன் கீழ் கிராமங்களுக்குக் குடும்பநல உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். போர் எமது பகுதிகளில் இந்தச் சங்கிலியைப் பல தடவை அறுத்தது. கட்டடங்கள் போயின, ஆளணி குறைந்தது. இடப்பெயர்வுக் காலத்தில் மரக்கிளையில் தராசைக் கட்டிப் பிள்ளைகளை நிறுத்திருக்கிறோம். அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் சுற்றிய அதே பையில் கிளினிக் கொப்பியையும் காவிக்கொண்டு வந்த தாய்மார் பலர்.

கொப்பியில் உள்ள கோடு

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத்தான் கிளினிக் கொப்பி என்கிறோம். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. அதில் முக்கியமானது நிறைக்கோடு. இரண்டு வயது வரை மாதம் ஒரு முறையும், அதன் பிறகு ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் நிறை பார்த்துப் புள்ளி வைப்போம். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வரும்.

பலரும் நிறம் மட்டும் பார்ப்பார்கள். பச்சையில் இருந்தால் சரி, செம்மஞ்சளுக்கோ சிவப்புக்கோ இறங்கினால் பிழை என்பார்கள். அது போதாது. கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். பச்சைக்குள் இருந்தபடியே இரண்டு மூன்று மாதம் கோடு படுத்திருந்தால் பிள்ளை வளரவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்தால் மெலிவு தெரியாது. கண்ணுக்குத் தெரியும்போது பல மாதங்கள் போய்விட்டிருக்கும்.

ஒரு அம்மம்மாவிடம் வளர்ந்த 14 மாதப் பிள்ளை நினைவுக்கு வருகிறது. தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருந்தார். பிள்ளை கொழுகொழு என்றுதான் இருந்தது, ஆனால் கோடு மூன்று மாதமாக அசையவில்லை. விசாரித்தபோது, சாப்பாட்டுக்கு முன்னரே பிளேன்ரீயும் பிஸ்கற்றும் கொடுக்கிறார் என்பது தெரிந்தது. அதனால் பிள்ளைக்குச் சோற்றில் பசி இல்லை. தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். தேநீரை நிறுத்தி, பருப்போடு பிசைந்த சோறு, முட்டை, நெத்தலி, முருங்கையிலை, கொஞ்சம் தேங்காயெண்ணெய் என்று மாற்றினோம். இரண்டு மாதத்தில் கோடு ஏறியது. மருந்து ஒன்றும் தேவைப்படவில்லை.

எல்லாருக்கும் இவ்வளவு இலகுவாக முடிவதில்லை. வயிற்றோட்டம், சிறுநீர்த் தொற்று, இருதயக் கோளாறு என்பவற்றாலும் கோடு படுக்கும். அப்போது வைத்திய அதிகாரி பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோசா கிடைக்கும். 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான போசாக்கின்மை. அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

2016 இல் எடுக்கப்பட்ட நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களாகவும், 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்களாகவும் இருந்தார்கள். அதன் பிறகுதான் 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. பால்மா விலை ஏறியது, திரிபோசாவுக்கும் தட்டுப்பாடு வந்தது.

எங்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கருவில் உண்டான நாளிலிருந்து இரண்டு வயது வரையான 1000 நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுதாக மீட்பது கடினம். 2009 இல் பதுங்கு குழியிலும் முகாமிலும் கைக்குழந்தைகளாக இருந்த பெண் பிள்ளைகள் இப்போது தாய்மாராகும் வயதுக்கு வருகிறார்கள். வளர்ச்சி குன்றிய பெண்ணுக்கு 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையுடன் பிள்ளை பிறக்கும் வாய்ப்புக் கூட. அதனால் அவர்களுடைய கர்ப்பகாலக் கிளினிக்கையும் பிள்ளையின் கோட்டையும் தவற விடக்கூடாது.

கண், காது, பேச்சு

நான்கு மாதத்துக்குப் பிறகும் கண் ஒருபக்கம் போனால் காட்ட வேண்டும். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கண்ணிலிருந்து வரும் காட்சியை மூளை கழித்துவிடும். ஏழு வயதுக்கு முன் சிகிச்சை தொடங்கினால் பயன் அதிகம், பிந்தினால் பார்வை திரும்புவது கடினம். கண்மணியில் வெள்ளையாக ஏதும் தெரிந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் பிள்ளை திரும்ப வேண்டும். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு, ஒன்பது மாதத்தில் தானாக இருத்தல், பதினெட்டு மாதத்தில் நடை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச்சு என்பன பொதுவான அளவுகள். "அவன்ர தேப்பனும் மூன்று வயசிலதான் கதைச்சவர்" என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காது கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த ஆறுதல். முன்னர் சொன்ன சொல்லைப் பிள்ளை இப்போது சொல்லவில்லை என்றால் எந்த வயதானாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

ஆண் குழந்தையின் விதைகள் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா என்பதையும் கிளினிக்கில் பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் இறங்கவில்லை என்றால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். வெட்கத்தால் மறைத்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்.

தடுப்பூசி

2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஊசியும் போலியோ சொட்டும், 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து ஆகிய மூன்றுக்குமான ஊசி, 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கான ஊசி, பின்னர் 18 மாதம், 3 வயது, 5 வயது என்று தொடரும். 6 மாதத்திலிருந்து விற்றமின் ஏ, 18 மாதத்திலிருந்து பூச்சி மருந்து. நாட்டில் 1993 க்குப் பிறகு போலியோ இல்லை. 2019 இல் ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்ட சின்னமுத்தோ 2023 இல் திரும்பவும் வந்தது. ஊசி தவறிய பிள்ளைகளைத்தான் அது தேடும். ஒரு ஊசி பிந்திவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.

பாடசாலைக்கு வரும் பரிசோதனை

ஐந்து வயதோடு கொப்பியை மூடிவைக்கக் கூடாது. தரம் 1, 4, 7, 10 மாணவர்களைப் பாடசாலையிலேயே சுகாதாரக் குழு பரிசோதிக்கும். பிள்ளைகள் 200 பேருக்குக் குறைந்த பாடசாலை என்றால் எல்லாத் தரங்களையும் பார்ப்பார்கள். கண், காது, பல், இருதயம், தோல், இரத்தச்சோகை எல்லாம் இதில் அடங்கும். 2017 இலிருந்து தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியும் போடப்படுகிறது.

இங்கேதான் அதிகம் தவறுகிறது. குறை கண்டால் பெற்றோருக்கு ஒரு துண்டு கொடுத்து அனுப்புவார்கள். அது புத்தகப் பைக்குள்ளேயே கிடந்து கிழியும். அல்லது தாய் வாசித்துவிட்டு, நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இல்லாமல் வைத்துவிடுவார். பரிசோதனை நடந்தது, பயன் நடக்கவில்லை. ஊரில் உள்ள சங்கங்களும், ஊருக்கு உதவ விரும்பும் புலம்பெயர்ந்த உறவுகளும் இதைக் கவனிக்கலாம். ஒரு பாடசாலையில் துண்டு வாங்கிய பிள்ளைகளை ஒரே நாளில் ஒரு வாகனத்தில் அனுப்புவதற்குப் பெரிய தொகை தேவையில்லை.

கேட்கத் தயங்க வேண்டாம்

நிறை குறைந்ததற்காக மற்றவர்கள் முன் ஏச்சு வாங்கிய தாய் அடுத்த மாதம் வரமாட்டார். கிளினிக்கில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். கணவர் இல்லாமல், அல்லது காணாமல் போனவரைத் தேடிக்கொண்டே, தனியாகப் பிள்ளை வளர்ப்பவரிடம் குற்றம் சாட்டும் குரலில் பேசினால் இழப்பது பிள்ளைதான்.

தாய்மாருக்குச் சொல்வது இது. நிறை பார்த்ததும் கொப்பியை வாங்கிப் பையில் வைக்காமல், "கோடு ஏறியிருக்கா? அடுத்தது என்ன, எப்ப?" என்று கேளுங்கள். இடம் மாறினால் புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். கொப்பி தொலைந்தால் அதற்காகக் கிளினிக்கை விட்டுவிட வேண்டாம். இருக்கும் பதிவுகளைப் பார்த்துப் புதிய கொப்பி எழுதலாம். இந்தச் சேவைகளுக்குக் காசு இல்லை. வேலைக்குப் போக வேண்டிய நாளென்றால் அம்மம்மாவோ சித்தியோ கொப்பியோடு பிள்ளையைக் கொண்டுவந்தாலும் போதும்.