ஆல்ஃபிரடோ அல்காலா: ஒரே கையின் கோடு

ஆல்ஃபிரடோ அல்காலா 1925 ஆகஸ்ட் 23 அன்று பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவிலுள்ள தலிசாயில் பிறந்தார். கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன தீவு அது. படிப்பில் மனம் ஒட்டவில்லை. பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பள்ளியை விட்டுவிட்டார். பெயர்ப்பலகை எழுதினார், விளம்பரப் படங்கள் வரைந்தார். பிறகு இரும்புப் பட்டறை ஒன்றில் சேர்ந்து சரவிளக்கு, மேசைவிளக்கு, வீட்டுச் சாமான்கள் என்று பலவற்றுக்கும் வடிவம் வரைந்து கொடுத்தார். ஒரு தேவாலயத்தின் பிரசங்க மேடைகூட அவர் வரைந்த வடிவத்தில் உருவானது. ஒரு பொருளின் கனம் எங்கே இறங்குகிறது, வெளிச்சம் அதன்மேல் எப்படி விழுகிறது என்பதையெல்லாம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது பட்டறைதான் என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்தபோது அந்தக் கண்ணுக்கு வேறொரு வேலை வந்தது. ஜப்பானியப் படையின் காவலரண்களையும் பீரங்கி நிலைகளையும் சைக்கிளில் கடந்து போகும்போதே மனத்தில் பதித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து வரைந்துவிடுவார். அந்தப் படங்கள் அமெரிக்கப் படைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பிற்காலத்தில் அவர் பக்கம் பக்கமாக வரைந்து தள்ளியதைப் பார்த்து வியந்தவர்கள், இந்த நினைவாற்றலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிலிப்பைன்ஸில் சித்திரக்கதைக்குப் போருக்கு முன்பே வேர் உண்டு. 1929இல் டோனி வெலாஸ்கெஸ் ‘லிவாய்வாய்’ வார இதழில் ‘கென்கோய்’ என்ற வேடிக்கைப் பாத்திரத்தை அறிமுகம் செய்தார். அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுச்சென்ற காமிக்ஸ் புத்தகங்கள் போருக்குப் பின் புதிய ஆசையைக் கிளப்பின. 1946இல் ‘ஹலாக்ஹாக்’ வந்தது, சில இதழ்களிலேயே நின்றுபோனது. அடுத்த ஆண்டு டான் ரமோன் ரோசெஸின் ஏஸ் நிறுவனம் ‘பிலிப்பினோ காமிக்ஸ்’ இதழைத் தொடங்கிய பிறகுதான் தொழில் நிலைத்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக இதழ்கள் முளைத்தன. கதைகள் தொடராக வந்தன. நன்றாக ஓடியவை சினிமாவாயின. காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் மூலைக்கடையில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே நின்று படித்தார்கள்.

அல்காலா இந்தத் தொழிலுக்குள் வந்தது 1948 அக்டோபரில், ‘பிதுயின் காமிக்ஸ்’ வழியாக. ஆண்டு முடிவதற்குள் ஏஸ் நிறுவனத்தின் இதழ்களுக்கு வரையத் தொடங்கிவிட்டார். வேலை மிகுந்த ஓவியர்கள் உதவியாளர்களை வைத்துக்கொள்வது மணிலாவில் சகஜம். அல்காலா வைத்துக்கொள்ளவில்லை. பென்சிலும் அவரே, மையும் அவரே, எழுத்தும் அவரே. வேறொருவர் கை பட்டால் அந்தப் பக்கம் தன்னுடையதாக இராது என்பது அவருடைய கொள்கை. கொள்கைக்கு விலை உண்டு. அதை அவர் வேகத்தால் கட்டினார். தூரிகையை மைப்புட்டியில் தோய்ப்பதற்குப் போகும் நேரத்தை மிச்சப்படுத்த, ஊற்றுப்பேனாவைப்போல் உள்ளேயே மை தாங்கும் தூரிகை ஒன்றைத் தாமே செய்துகொண்டார். ஒன்பது மணி நேர அமர்வில் பன்னிரண்டு பக்கம் முடித்ததுண்டு என்பார்கள்.

வேகமாக வரைபவரின் படம் சிக்கனமாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அல்காலாவிடம் நேர்மாறு. அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் லூ ஃபைனும் பிரிட்டிஷ் ஓவியர் ஃபிராங்க் பிராங்வினும் அவருக்கு ஆதர்சம். பிராங்வினின் செதுக்கோவியங்களில் காணும் அடர்த்தியைக் காமிக்ஸ் கட்டத்துக்குள் கொண்டுவர முயன்றார். ஒரு பாறையை வரைந்தால் அதன் ஒவ்வொரு வெடிப்பும் தனிக்கோடாக ஓடும். வானம்கூட வெறுமையாக இராது. கோடுகள் மெலிதாகத் தொடங்கி, நிழல் பக்கம் போகப்போகத் தடித்து, ஒன்றோடொன்று நெருங்கிக் கடைசியில் கறுப்பில் கரைந்துவிடும். மட்டமான செய்தித்தாளில் அச்சாகப்போகும் படத்துக்கு இத்தனை உழைப்பு வீண் என்று வேறு யாராவது நினைத்திருக்கலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஏஸ் நிறுவனம் மூடப்பட்டது. வேலை இழந்த ஓவியர்கள் தாங்களே பதிப்பாளர்களாக மாறிப்பார்த்தார்கள்; அல்காலாவும் தம் பெயரிலேயே இதழ் கண்டார். 1963இல் ‘வோல்டார்’ பிறந்தான். கொம்பு வைத்த தலைக்கவசமும் கோடரியும் புரவிகளுமாக, புராணமும் போரும் கலந்த வீரன் கதை. அல்காலா முழுமையாகத் தம்முடையதென்று சொல்லிக்கொள்ளக்கூடிய படைப்பு அது. கதையைவிடப் படம் பெரியது என்று குறை சொன்னாலும் தவறில்லை. ஆனால் படம் அப்படிப்பட்டது. நாட்டின் ஓவியர் சங்கமும் அதற்குப் பரிசளித்தது.

அமெரிக்காவுக்கு வழி திறந்தவர் பிலிப்பினோ ஓவியர் டோனி டிசூனிகா. அவர் ஏற்கெனவே நியூயார்க்கில் டிசி காமிக்ஸ் நிறுவனத்துக்கு வரைந்துகொண்டிருந்தார். 1971இல் காமிக்ஸ் தணிக்கை விதிகள் தளர்ந்தன, பேய்க்கதை இதழ்கள் பெருகின. ஆறேழு பக்கத்தில் முடியும் தனிக்கதைகளுக்கு ஓவியர்கள் தேவைப்பட்டார்கள். டிசூனிகா எடுத்துச் சொல்ல, டிசியின் கார்மைன் இன்ஃபாண்டினோவும் ஜோ ஆர்லாண்டோவும் அதே ஆண்டு மணிலா வந்தனர். நெஸ்டர் ரெடோண்டோ, அலெக்ஸ் நினோ, அல்காலா ஆகியோர் கிடைத்தது அப்படித்தான். அமெரிக்க ஓவியருக்குத் தந்ததைவிடக் குறைவாகத் தந்தே இவர்களிடம் வேலை வாங்க முடிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1972இல் அதிபர் மார்க்கோஸ் இராணுவச் சட்டம் கொண்டுவந்து, உள்நாட்டுக் காமிக்ஸுக்கும் கெடுபிடிகள் வந்தபோது, வெளிநாட்டு வேலை இன்னும் முக்கியமாயிற்று. அல்காலா ‘ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி’ போன்ற இதழ்களுக்கு வரைந்தார். 1975இல் ‘காங் தி அன்டேம்ட்’ என்ற ஆதிமனிதக் கதையின் தொடக்க இதழ்களையும் வரைந்தார். 1976இல் அமெரிக்காவிலேயே குடியேறினார். அடுத்த ஆண்டு சான் டியேகோ காமிக்ஸ் மாநாட்டில் இங்க்பாட் விருது கிடைத்தது.

ஆனால் அமெரிக்கத் தொழில்முறை அவருடைய கொள்கைக்கு எதிரானது. அங்கே ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் மை தீட்டுவார், மூன்றாமவர் எழுத்துப் போடுவார். யாரையும் தம் பக்கத்தில் தொடவிடாத அல்காலாவுக்கு அங்கே அதிகம் கிடைத்தது பிறர் வரைந்ததற்கு மை தீட்டும் வேலைதான். குடியேறுவதற்கு முன்பே, மார்வெலின் ‘சாவேஜ் சோர்ட் ஆஃப் கோனன்’ கறுப்பு வெள்ளை இதழ் 1974இல் தொடங்கியபோது, ஜான் புசேமாவின் பென்சில் படங்கள்மேல் அவர் மை தீட்டினார். இரண்டாம் இதழின் ‘பிளாக் கொலோசஸ்’ கதையைப் புரட்டினால் விஷயம் புரியும்: உடல்களின் அசைவு புசேமாவுடையது, மண், கல், புகை, இரும்பு, தசையின் முறுக்கு அத்தனையும் அல்காலாவுடையது. வாசகர்கள் கொண்டாடினார்கள். புசேமாவுக்குப் பிடிக்கவில்லை, தம் வரைவு மறைந்துபோகிறது என்று வெளிப்படையாகவே குறைப்பட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அல்காலாவால் பிறர் கோட்டை அப்படியே பின்பற்றி வரைய முடிந்ததில்லை.

1979-80இல் வாரன் நிறுவனத்தின் ‘தி ரூக்’ இதழில் வோல்டார் அமெரிக்க வாசகரைச் சந்தித்தான். 1980இல் ‘ஸ்டார் வார்ஸ்’ நாளிதழ்ச் சித்திரத்தொடரையும் அல்காலா சில காலம் வரைந்தார். அடுத்து மேட்டல் நிறுவனம் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்’ பொம்மைகளுக்காகக் குட்டிப் புத்தகங்கள் கேட்டது. பொம்மைப் பெட்டிக்குள் வைத்துத் தரும் அந்தப் புத்தகங்களில் முதல் நான்கும் அவர் கைவண்ணம். தொலைக்காட்சியில் பிற்பாடு வந்த பளபளப்பான நாயகன் ஹீ-மேன் அங்கே இல்லை. கரடுமுரடான காட்டு வீரன்தான் இருந்தான், கிட்டத்தட்ட வோல்டாரின் தம்பி. அல்காலாவின் பெயரே தெரியாத ஒரு தலைமுறைக் குழந்தைகள் அவருடைய கோட்டைப் பார்த்தது அப்படித்தான்.

எண்பதுகளில் டான் நியூட்டனின் பேட்மேன் படங்களுக்கும், ஆலன் மூர் எழுதிய ‘ஸ்வாம்ப் திங்’ இதழ்கள் பலவற்றுக்கும் மை தீட்டினார். சதுப்பு நிலமும் பாசியும் அழுகும் இலையும் நிறைந்த அந்தக் கதைக்கு அவருடைய அடர்ந்த கோடு அமைந்ததுபோல் வேறெதற்கும் அமையவில்லை. 1994இல் அவர் கலையைப் பற்றி ஃபில் யேயும் ஹைடி மெக்டொனால்டும் சேர்ந்து உருவாக்கிய நூல் வெளியானது. 2000 ஏப்ரல் 8 அன்று, புற்றுநோயால், கலிஃபோர்னியாவில் அல்காலா காலமானார்.