எலினோர் ரூஸ்வெல்ட்: மனித உரிமைப் பிரகடனமும் அதில் இடம்பெறாத சொல்லும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 10ஆம் நாள் உலக மனித உரிமை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1948ஆம் ஆண்டு அதே நாளில்தான் பாரிஸ் நகரில் கூடிய ஐ.நா. பொதுப்பேரவை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதை வரைந்த ஆணையத்தின் தலைவர் எலினோர் ரூஸ்வெல்ட். அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் துணைவியாராக 12 ஆண்டுகள் வெள்ளை மாளிகையில் வாழ்ந்தவர். நிறவெறிக்கு எதிராக வெளிப்படையாகப் பேசிய முதல் அதிபர் மனைவியருள் ஒருவர். ஆதிக்கத் தரப்பில் பிறந்து ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்க முயன்ற அவர் எங்கே உறுதியாக நின்றார், எங்கே தயங்கினார் என்பதைச் சாதி ஒழிப்புக் களத்தில் நிற்போர் அறிந்திருக்க வேண்டும் எனக் கருதி இக்கட்டுரையைத் தொகுத்துள்ளோம்.

இளமைக் காலம்

எலினோர் 1884 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எட்டு வயதில் தாயையும், பத்து வயது நிறைவதற்குள் தந்தையையும் இழந்தார். பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் அவருடைய பெரியப்பா. லண்டன் அருகிலுள்ள ஆலன்ஸ்வுட் பள்ளியில் பயின்றபோது, அதன் தலைமை ஆசிரியை மாரி சுவெஸ்திர் அவரிடம் சுயமாகச் சிந்திக்கும் பழக்கத்தை விதைத்தார். நாடு திரும்பியதும் நியூயார்க்கின் ரிவிங்டன் தெருவில் புலம்பெயர்ந்தோரின் குழந்தைகளுக்குக் கற்பித்தார். தையல் தொழிற்கூடங்களில் பெண்களும் சிறுவர்களும் பிழியப்படுவதை அங்குதான் நேரில் கண்டார்.

1905இல் தூரத்து உறவினரான பிராங்க்ளினை மணந்தார். 1921இல் கணவர் இளம்பிள்ளை வாதத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தபின் அரசியல் களத்தில் அவருக்காகவும் தமக்காகவும் இயங்கத் தொடங்கினார். 1922இல் மகளிர் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் சேர்ந்தார்.

வெள்ளை மாளிகையும் நிறக்கோடும்

1933 மார்ச் முதல் 1945 ஏப்ரல் வரை அவர் அமெரிக்காவின் முதல் பெண்மணி. தம் செய்தியாளர் சந்திப்புகளுக்குப் பெண் நிருபர்களை மட்டுமே அனுமதித்தார். அதனால் பெண்களைப் பணியில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நாளிதழ்களுக்கு ஏற்பட்டது. 1935 இறுதியில் தொடங்கிய 'மை டே' என்னும் பத்தியை வாரத்தில் ஆறு நாள்கள் எழுதினார். அப்பத்தி 1962 வரை வெளிவந்தது.

அவருடைய கணவரின் அரசு கொண்டுவந்த நலத்திட்டங்களின் தன்மையை இங்கே குறிப்பிட வேண்டும். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேளாண் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்வோரையும் விலக்கி வைத்தது. அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இவ்விரு தொழில்களில்தான் இருந்தனர். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் விலக்கு நிறத்தின் வழியே சரியாகப் போய்ச் சேர்ந்தது. மேற்கு வர்ஜீனியாவில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக எலினோர் பெரிதும் ஆதரித்து உருவாக்கிய ஆர்தர்டேல் குடியிருப்பிலும் கறுப்பினக் குடும்பங்களுக்கு இடம் தரப்படவில்லை. அனைவரையும் சேர்க்க வேண்டும் என்ற அவரது கோரிக்கையை அங்குக் குடியேறியவர்கள் ஏற்கவில்லை.

கும்பல் கொலைகளைத் தடுக்கும் காஸ்டிகன்–வாக்னர் சட்ட முன்வரைவு 1934இல் நாடாளுமன்றத்திற்கு வந்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட், அதிபரைச் சந்திக்க எலினோர் ஏற்பாடு செய்தார். தென் மாநிலத் தலைவர்கள் தம் பிற சட்டங்களை எல்லாம் முடக்கிவிடுவார்கள் என்று காரணம் கூறி அதிபர் அதற்கு வெளிப்படையான ஆதரவு தர மறுத்தார். முன்வரைவு வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் புளோரிடாவில் கிளாட் நீல் என்ற கறுப்பின இளைஞர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். கண்டனக் கூட்டத்தில் பேச எலினோரை ஒயிட் அழைத்தார். அதிபர் விரும்பாததால் அவர் செல்லவில்லை. கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் 2022இல்தான், எம்மட் டில் பெயரில், நிறைவேறியது.

மேடையில் காட்டிய எதிர்ப்பு

கறுப்பினக் கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்யூனின் நட்பு எலினோரின் பார்வையை விரிவாக்கியது. 1938இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் நடந்த மாநாட்டில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனியே அமர வேண்டும் எனக் காவல்துறை உத்தரவிட்டபோது, இரு பகுதிக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு அமர்ந்தார்.

1939இல் கறுப்பினப் பாடகர் மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனில் உள்ள தம் அரங்கைத் தர அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்னும் அமைப்பு மறுத்தது. எலினோர் அதன் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகி, அதைத் தம் பத்தியிலும் எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஆண்டர்சன் பாட, சுமார் 75,000 பேர் திரண்டு கேட்டனர்.

1941ஆம் ஆண்டு நிகழ்வு வேறொரு பாடத்தைத் தருகிறது. பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் கறுப்பினத்தவருக்கு வேலை மறுக்கப்படுவதை எதிர்த்துத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டன் நோக்கிப் பேரணி அறிவித்தார். அதைக் கைவிடுமாறு எலினோரே அவரிடம் வேண்டினார். ராண்டால்ஃப் இணங்கவில்லை. ஜூன் 25 அன்று அப்பாகுபாட்டைத் தடை செய்யும் 8802ஆம் எண் ஆணையில் அதிபர் கையெழுத்திட்ட பிறகே பேரணி நிறுத்தப்பட்டது. நண்பரின் பரிந்துரையால் நகராத கோப்பு, மக்கள் திரளப்போகிறார்கள் என்ற அச்சத்தால் நகர்ந்தது.

பிரகடனம் உருவான கதை

கணவர் இறந்த பின், 1945 டிசம்பரில் அதிபர் ட்ரூமன் அவரை ஐ.நா. பிரதிநிதியாக நியமித்தார். மனித உரிமை ஆணையத்தின் தலைவராகப் பிரகடனத்தை வரையும் பணியை வழிநடத்தினார். அதில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர் ஹன்சா மேத்தா. முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த ஆங்கிலத் தொடரை 'எல்லா மனிதர்களும்' என மாற்றச் செய்தவர் அவரே. 48 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்ப்பு வாக்கு இல்லை. தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன.

பாகுபாட்டைத் தடை செய்யும் இரண்டாம் பிரிவு இனம், நிறம், பால், மொழி, மதம், சமூகத் தோற்றம், பிறப்பு முதலியவற்றைப் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் சாதி இல்லை. விவாதத்தின்போது அச்சொல்லைச் சேர்க்கும் யோசனையை இந்தியப் பிரதிநிதிகளே முன்வைத்தனர். 'சமூகத் தோற்றம்', 'பிற தகுதி நிலை' ஆகியவையே போதும் என்று கூறி அதை வலியுறுத்தாமல் விட்டனர். விளைவாக, உலகின் மிகப் பழைய ஒடுக்குமுறைகளுள் ஒன்று தன் பெயரின்றியே அந்த ஆவணத்திற்குள் இருக்கிறது.

அதே காலத்தில் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் தொகுத்த, கறுப்பின மக்கள் மீதான அநீதிகளை விவரிக்கும் மனு 1947 அக்டோபரில் ஐ.நா.விடம் அளிக்கப்பட்டது. அதை அளித்த தேசியச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் எலினோரும் உறுப்பினர். இருந்தும், சோவியத் நாடு அதை அமெரிக்காவுக்கு எதிரான ஆயுதமாக்கும் என்று கருதி ஆதரவளிக்க மறுத்தார். இதற்கு ஓராண்டுக்கு முன், 1946இல், அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு அளித்திருப்பதை அறிந்து அதன் பிரதிகளைக் கேட்டார். தீண்டத்தகாத மக்களும் அவ்வழியை எண்ணிவருவதைத் தெரிவித்தார். டு பாய்ஸ் பரிவுடன் பதில் எழுதினார். பிரகடனம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், அதன் தேவை மிகுதியாக இருந்த இரு மக்கள் திரள்களும் கதவுக்கு வெளியே நின்று ஒருவரையொருவர் கண்டுகொண்டன.

இறுதி ஆண்டுகளும் நம் மதிப்பீடும்

1952இல் இந்தியாவுக்கு வந்த எலினோர் அப்பயணத்தை நூலாக எழுதினார். 1961இல் அதிபர் கென்னடி அமைத்த மகளிர் நிலை குறித்த ஆணையத்திற்குத் தலைமையேற்றார். 1962 நவம்பர் 7 அன்று 78ஆம் வயதில் காலமானார். அமெரிக்கப் புலனாய்வுத் துறை அவரைப் பற்றித் திரட்டிய கோப்பு 3,000 பக்கங்களைத் தாண்டுகிறது.

அவருடைய துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அத்துணிவு, கணவரின் ஆட்சிக்கோ நாட்டின் பெயருக்கோ சேதம் வரும் இடத்தில் பலமுறை நின்றுபோனது. நேச சக்திகளை ஏற்பதிலும் எடைபோடுவதிலும் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1965ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல் சேர்ந்ததும், 2001இல் இந்திய அரசின் எதிர்ப்பை மீறி டர்பன் மாநாட்டில் தலித் அமைப்புகள் சாதியைப் பேசியதும், 'வம்சாவளி' சாதியையும் உள்ளடக்கும் என்று அவ்வுடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2002இல் தனது 29ஆம் பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

மனித உரிமை வாழும் தெருவிலும் பயிலும் பள்ளியிலும் உழைக்கும் வயலிலும் தொடங்க வேண்டும் என்று 1958இல் எலினோர் பேசினார். வரும் டிசம்பர் 10 கூட்டங்களில் பிரகடனத்தின் இரண்டாம் பிரிவை வாசிக்கும் மாணவர்கள், 29ஆம் பொதுப் பரிந்துரையையும் உடன் வைத்து வாசிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். 1948இல் விடுபட்ட சொல் அதில் இருக்கிறது.