செகசிற்பியரைப் படித்தவர்

பனிச்சங்கேணியில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் தமிழ்க் குறிப்பேட்டைப் பார்க்க நேர்ந்தது. ஒரு நாவலின் கீழ் நனவோடை, குறியீடு, முரண் என உத்திகள் எண்ணிடப்பட்டிருந்தன. அவள் மனத்தைத் தொட்ட இடம் எது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. "அதுக்குப் புள்ளி இல்ல சேர்" என்றாள்.

தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் தேர்வு எழுதியவர்தான். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் தேறியவர், விஞ்ஞானப் பட்டதாரியுங்கூட. 1924இல் அதே சங்கத்தில் அவர் ஆற்றிய உரை விரிந்து 1926இல் 'மதங்க சூளாமணி' நூலாயிற்று. அதில் ஷேக்ஸ்பியர் செகசிற்பியரானார். ரோமியோவும் ஜூலியட்டும் இரம்மியனும் சுசீலையும் ஆயினர். இப்பெயர்களில் சில எனக்குச் செயற்கையாகவே படுகின்றன. அது சிறு குறை. ஆங்கில விமர்சகர் கூற்றை ஒப்பிக்காமல், சுவை, மெய்ப்பாடு என்று தமக்குப் பழகிய அளவுகோல்களாலேயே அந்நாடகங்களை அவர் அளந்தார் என்பதே முக்கியம். உத்தியின் பெயரை அறிவதற்கும் அதன் விளைவை உணர்வதற்கும் இடையிலான தூரத்தை அந்நூல் கடந்திருக்கிறது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தியது இப்படிப் படித்தவரைத்தான்.