மடத்து வாயிலும் திருகைக் கல்லும்

இங்கிலாந்தில், இலண்டன் மாநகருக்கு வடக்கே ஏறக்குறைய 20 மைல் தொலைவில் செயின்ட் ஆல்பன்ஸ் என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூர்ப் பெருங்கோயிலைக் கண்டு வியந்து எழுதியோர் பலர். கோயிலுக்கு மேற்கே நிற்கும் பழைய மடத்து வாயில் மாளிகையை நின்று நோக்கியோர் சிலரே. நாம் இங்கு எழுதப் புகுவது அவ்வாயிலைப் பற்றியே.

மெர்சியா மன்னன் ஓபா 793-ஆம் ஆண்டில் நிறுவினான் என்று மரபு கூறும் அம்மடம், நாளடைவில் ஊரையே தன் ஆட்சிக்கு உட்படுத்தியது. வரி மடாதிபதிக்கு, நீதிமன்றம் அவருடையது, சிறைச்சாலையும் அவருடையதே. 1349 முதல் 1396 வரை மடாதிபதியாயிருந்த தாமஸ் டி லா மேர் காலத்தில், 1360-களில், இன்று நாம் காணும் வாயில் எழுந்தது. சிக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து எழுப்பிய தடித்த சுவர்கள். வேண்டிய இடங்களில் செதுக்கிய கல். நடுவே வண்டி புகத்தக்க அகன்ற வழி; அதன்மேல் கல்லால் வளைத்துக் கட்டிய கூரை; அதற்கும் மேலே அறைகள். அருள் நாடி வருவோரை வரவேற்கும் வாயிலுக்கு இத்துணை வன்மை எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். விடை, மாவு அரைக்கும் கல்லில் இருக்கின்றது.

ஊரார் தம் தானியத்தை மடத்து ஆலையிலேயே அரைத்துக் கூலி செலுத்தல் வேண்டும் என்பது மடத்தின் கட்டளை. வீட்டில் திருகை வைத்து அரைப்பது குற்றம்! 1327 முதல் 1336 வரை மடாதிபதியாயிருந்த வாலிங்போர்டு ரிச்சர்டு, வானநூல் வல்லவர். கோள்களின் நடையைக் காட்டும் அரிய கடிகாரம் ஒன்றை வகுத்தவர். அத்தகைய அறிவாளர்தாம் ஊராரின் திருகைகளைப் பறிமுதல் செய்வித்து, அக்கற்களை மடத்துக் கூடத்தில் தளமாகப் பதிப்பித்தார். அவர் ஒரு கொல்லனின் மகன் என்பதை எண்ணுங்கால் நமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன.

அரை நூற்றாண்டு கழிந்தும் ஊரார் அதனை மறந்தாரில்லை. 1381 ஜூன் மாதம், தலைவரியால் மூண்ட உழவர் கிளர்ச்சி நாடெங்கும் பரவியபோது, வில்லியம் கிரிண்ட்காப் என்பாரின் தலைமையில் அவர்கள் திரண்டு வந்து மடத்துச் சிறையைத் திறந்து, அடைபட்டோரை விடுவித்தனர். பின்னர்க் கூடத்துள் புகுந்து, திருகைக் கற்களைப் பெயர்த்து உடைத்து, கோயிலில் அப்பம் பகிர்வதேபோல் ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டனர். இதனை எழுதிவைத்தவர் அம்மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்காம். கிளர்ச்சியாளரை அறவே வெறுத்தவர். பகைவர் கையெழுத்தில் கிடைப்பதாலேயே இச்செய்தியை நாம் பெரிதும் நம்புகின்றோம்.

வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் ரிச்சர்டு மன்னனே படையுடன் வந்தான். ஆதியில் ஆண்டானும் இல்லை, அடிமையும் இல்லை என்று ஊர்தோறும் போதித்த ஜான் பால் பாதிரியார், ஜூலை 15 அன்று இவ்வூரிலேயே கொல்லப்பட்டார். கிரிண்ட்காப்புக்கும் தூக்குக் கயிறே கிடைத்தது. மடாதிபதியிடமிருந்து ஊரார் பெற்ற உரிமைப் பத்திரங்கள் செல்லாதனவாயின.

1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மடம் கலைக்கப்பட்டது. மடத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் இடிபட்டன. கோயிலும் இவ்வாயிலும் தப்பின. 1553-இல் ஊருக்கு அரச பட்டயம் கிடைத்தது. கோயிலையும் ஊராரே 400 பவுனுக்கு வாங்கிக்கொண்டனர். வாயில் மட்டும் 1868 வரை சிறையாகவே நீடித்தது. மூன்றாண்டுக்குப் பின், 1871-இல், ஊர்ப் பள்ளிக்கூடம் அதனுள் குடிபுகுந்தது; இன்றும் அது பள்ளியின் வசமே இருக்கின்றது.