எங்க ஊர் மைன்ஸும் கடல் மைன்ஸும்

நெய்வேலில மைன்ஸுன்னா பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்தான். கடல்லயும் மைன்ஸ் உண்டுங்க, கண்ணிவெடி! இரும்புக் கப்பல் மேல போனாலே அதோட காந்தத்தை உணர்ந்து வெடிக்கிற வகையும் இருக்கு.

அதனாலதான் ஆழம் குறைஞ்ச கரையோரத்துல கண்ணிவெடி வார, பிரிட்டன்காரங்க 1950களில் மர உடம்போட சின்னக் கப்பல்கள் கட்டினாங்க. ‘ஹாம்’னு முடியற கிராமப் பேர்களை வச்சதால ‘ஹாம்’ வகுப்பு. அதுல ரெண்டு நம்ம கடற்படைக்கு வந்து பசீன், பிம்லிபட்டம்னு பேர் மாறிச்சு. ரெண்டுமே சின்னத் துறைமுக ஊர்கள்.

எங்க மாவட்டப் பேர்லயும் ஒண்ணு இருந்துச்சு: ஐஎன்எஸ் கடலூர். இது சோவியத்ல கட்டின பெரிய வகை. 2018ல ஓய்வு. 2019ல ஐஎன்எஸ் கோழிக்கோடும் போனதும், கண்ணிவெடி வாரும் கப்பலே நம்மகிட்ட இல்லாமப் போச்சு.

துறைமுகத்தை முடக்க நாலு கண்ணிவெடி போதும். வாரத்தான் கப்பல் வேணும். யோசிச்சுப் பாருங்க மக்கா!